கொத்து பெரிதானால் மெதுவாகத்தான் நகருமா?

உலோகப் பரப்பில் தனி மூலக்கூறு எளிதாக நகரும், உலோக அணுவால் கோக்கப்பட்டுப் பல மூலக்கூறுகள் கொத்தாகிவிட்டால் மெதுவாகும் என்று அளவெடுக்கும் முன்பே பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் இடம்பெற்ற குழு 2008-இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர் எதிர். செம்புப் படிகத்தின் (111) என்று குறிக்கப்படும் வெட்டுமுகத்தில் டெட்ராபிரிடில்போர்பிரின் என்ற கரிம மூலக்கூறுகள் 300 முதல் 360 கெல்வின் வரை ஒரே கோட்டில் முன்னும் பின்னும் தாவின. ஒரே நோக்கில் நின்ற இரண்டு சேர்ந்ததும், அந்த இணை தனி மூலக்கூறைவிட மிக வேகமாக ஓடியது. உலோக அணுவால் கோக்கப்பட்ட கூட்டு ஒன்றாக நகர்வதே காரணம் என்றது குழு. செம்புப் பரப்பில் உலோகத்தைத் தனியாகத் தூவத் தேவையில்லை. அறை வெப்பத்திலேயே படி விளிம்புகளிலிருந்து, அதாவது பரப்பின் அணு அடுக்குகள் முடியும் ஓரங்களிலிருந்து, செம்பு அணுக்கள் கழன்று திரிகின்றன. எனவே, நீங்கள் உலோகம் சேர்க்கவில்லை என்பதாலேயே கொத்தில் உலோகம் இல்லை என்று எழுதிவிட முடியாது.

அளவீடு சறுக்குவது பெரும்பாலும் வெப்பநிலைத் தேர்வில். எடுத்துக்காட்டாக, தாவுவதற்குக் கடக்க வேண்டிய ஆற்றல் தடை 0.5 எலெக்ட்ரான் வோல்ட், முயற்சி அதிர்வெண் (தாவ எத்தனை முறை முயல்கிறது என்பது) நொடிக்கு 10¹³ என்று வையுங்கள். 300 கெல்வினில் நொடிக்குச் சுமார் 40,000 தாவல்கள், 200-இல் இரண்டரை, 160-இல் ஒன்பது நிமிடத்துக்கு ஒன்று. ஊசி முனையால் பரப்பை வருடிப் படமெடுக்கும் ஸ்கேனிங் டனலிங் நுண்ணோக்கியில் ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் ஆனால், 200 கெல்வினில் இரு படங்களுக்கிடையே 150 தாவல்கள் நடந்துமுடிந்திருக்கும். அதை ஒரே தாவலாக எண்ணினால் வீதம் பல மடங்கு குறைந்துவிடும். தாவல்களை எண்ணுவதானால், பத்துப் படங்களுக்கு ஒரு தாவல் என்ற அளவே பாதுகாப்பானது. ஆக 160 கெல்வினை ஒட்டிய குறுகிய வெப்பநிலை வரம்புதான் கிடைக்கும். 200 கெல்வினில் 5 கெல்வின் பிழை வீதத்தை இரட்டிப்பாக்கும். வெப்பமானி இருப்பது படிகத்தைப் பிடித்திருக்கும் தாங்கியிலா படிகத்திலா என்பது சில்லறை விஷயமல்ல. குறைந்தது ஐந்து வெப்பநிலைகளில் எடுத்து, வீதத்தின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராகக் குறித்துக் கோடு வரையுங்கள். அந்தக் கோட்டிலிருந்து கிடைக்கும் முயற்சி அதிர்வெண் 10⁷ என்று வந்தால், புது இயற்பியல் என்று மகிழாமல் அளவீட்டைச் சந்தேகியுங்கள்.

வெப்ப நழுவலை (வெப்பமாற்றத்தால் படமே மெல்ல விலகுவதை) பரப்பில் நகராத ஒரு குறைபாட்டை வைத்துக் கழியுங்கள். மூலக்கூறுகளைச் சிதறலாகவே இடுங்கள். நெருக்கினால் எது எது என்று அடையாளம் குழம்பிவிடும். தங்கத்தின் (111) முகமானால் மேலடுக்கு அணுக்கள் தாமே மீன்முள் வடிவில் மறுசீரமைந்திருக்கும், அதன் வளைவுகள் கொத்துகளைப் பிடித்து நிறுத்தும். அங்கே நின்றவற்றைச் சராசரியில் சேர்க்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஊசி முனையே கொத்தைத் தள்ளியிருக்கலாம். அதே இடத்தில் முனைக்கும் பரப்புக்கும் இடையிலான மின்னோட்டத்தை 10 பிக்கோஆம்பியரிலிருந்து 50-க்கு ஏற்றிப் பாருங்கள். வீதம் மாறினால் முனைதான் குற்றவாளி. வருடும் திசையைத் திருப்பிப் பார்ப்பதும் பயன்படும், ஆனால் உறுதியான சோதனை வேறு: முனையை அரைமணி பின்னிழுத்து வைத்து, திரும்பி வந்து நகர்ந்த தூரத்தை அளந்து, தொடர்ந்து வருடிய அரைமணியோடு ஒப்பிடுங்கள். பல கொத்துகளின் சராசரியில் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்தத் தரவை ஒதுக்கிவிட்டு, மின்னோட்டத்தைக் குறைத்து மீண்டும் எடுங்கள்.