கத்திப்பிடி எலும்பைக் கொதிக்க விடாதீர்கள்

மாட்டெலும்பில் கத்திப்பிடி செய்ய ஆசைப்படுகிறவர்கள் அநேகமாக முதலில் செய்வது, எலும்பைப் பெரிய பானையில் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க வைப்பதுதான். ஒட்டியிருக்கும் இறைச்சி கழன்றுவிடும், நாற்றமும் குறையும், உண்மைதான். ஆனால் பிடிக்குப் பலம் தருவதும், பின்னால் சாயத்தைப் பிடித்து வைக்கப்போவதும் அந்தத் தண்ணீரிலேயே கரையத் தொடங்கிவிடும்.

கண்டிக் கைவினைஞர்கள் தந்தத்திலும் கொம்பிலும் அழகழகான கத்திப்பிடிகள் செதுக்கிய நாடு இது. தந்தத்தின் காலம் முடிந்துவிட்டது, முடியத்தான் வேண்டும். 2012இல் கொழும்புத் துறைமுகத்தில் பிடிபட்ட 359 ஆபிரிக்க யானைத் தந்தங்களை 2016 ஜனவரியில் காலி முகத்திடலில் எல்லோரும் பார்க்க நொறுக்கினார்கள். எலும்புக்கு அந்தப் பாவம் இல்லை. இறைச்சிக்கடையில் மிஞ்சுகிற கால் எலும்பே போதும். அதைத் தந்தத்துக்கு மட்டமான மாற்று என்று நினைக்க வேண்டியதில்லை. எலும்புக்கென்று தனி அழகு இருக்கிறது.

எலும்பு இரண்டு பொருள்களின் பின்னல். எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ரொக்சிஅபடைட் என்ற கல்சியம் பொஸ்பேற்றுக் கனிமம். மிச்சத்தில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத இழை, கொஞ்சம் தண்ணீர். கனிமம் விறைப்பைத் தருகிறது, கொலாஜன் உடையாமல் காக்கிறது. கோழி எலும்பொன்றை வினாகிரியில் சில நாள் ஊறவைத்தால் கனிமம் கரைந்து, எலும்பு ரப்பர் மாதிரி வளையும். இன்னொன்றை நெருப்பில் நன்றாகச் சுட்டால் கொலாஜன் எரிந்துபோய், விரலால் நசுக்கினாலே பொடியாகும். கத்திப்பிடிக்கு இரண்டும் வேண்டும்.

நீண்ட நேரம் கொதிக்கும்போது கொலாஜன் இழைகள் பிரிந்து ஜெலட்டினாக மாறித் தண்ணீரில் கலக்கின்றன. பாயா ஆறியதும் கட்டியாகிறதே, அதற்குக் காரணம் இந்த ஜெலட்டின்தான். பாயாவுக்கு அது ருசி, பிடிக்கு அது நட்டம். அப்படி வெந்த எலும்பு காய்ந்தபின் சுண்ணாம்புபோல் வெளிறும், ஆணிக்குத் துளை போடும்போது விளிம்பு உதிரும்.

ஆனால் கொழுப்பை எடுத்தே ஆகவேண்டும். மாட்டுக் கொழுப்பு 40 முதல் 50 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும், அதனால் கொதிநிலைக்குப் போகவேண்டிய தேவையே இல்லை. முதலில் எலும்பின் இரு முனைகளையும் இரும்பறுக்கும் வாளால் அறுத்து, மச்சையைத் தள்ளி எடுத்துவிட்டு, நீளவாக்கில் பிளந்துகொள்ளுங்கள். அப்புறம் 50 பாகை அளவுள்ள தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் விட்டு ஊறவையுங்கள். தண்ணீர் கலங்கக் கலங்க மாற்றவேண்டும். நாள் கணக்கில் இல்லை, வாரக் கணக்கில் ஆகும். காய்ந்த எலும்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் கொழுப்பு தங்கிய இடம் மஞ்சளாக, எண்ணெய்த் தாள் போலத் தெரியும். அந்த இடத்தில் சாயம் ஏறாது. திட்டுத்திட்டாக வெளிறித்தான் வரும். பலர் சாயத்தைக் குறை சொல்கிறார்கள், பெரும்பாலும் குற்றவாளி கொழுப்பு.

வெளுக்க வேண்டுமானால் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட் போதும். அது நிறமுள்ள பொருள்களை ஒட்சியேற்றி நிறமிழக்கச் செய்கிறது. கழிவறை கழுவும் குளோரின் பிளீச்சைத் தொடவே வேண்டாம், அது கொலாஜனையே தின்றுவிடும்.

இனிச் சாயம். எலும்பு பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும், சாயத்தைப் பொறுத்தவரை அதைக் கம்பளியின் உறவாகத்தான் பார்க்கவேண்டும். இரண்டிலும் இருப்பது புரதம். புரதச் சங்கிலிகளில் அமினோத் தொகுதிகள் இருக்கின்றன. கொஞ்சம் அமிலம் சேர்ந்ததும் அவை நேர்மின்னேற்றம் பெறும். கம்பளிக்கும் பட்டுக்கும் உரிய அமிலச் சாயங்களின் மூலக்கூறுகள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் சாயத் தொட்டியில் வினாகிரி சேர்ப்பது. ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும், கூடினால் கனிமம் அரிக்கும். நம் ஊரில் பத்திக் துணிக்குப் போடும் சாயங்கள் பருத்தியின் செலுலோசைப் பிடிக்க, பெரும்பாலும் காரத்தில் வேலை செய்பவை. புறக்கோட்டையில் சாயப் பொடி வாங்கும்போது எந்தத் துணிக்கு உரியது என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய பேனாக்கத்திகளில் காணும் கபில நிறத்துக்கு வேறு வழி இருக்கிறது. பொட்டாசியம் பரமங்கனேற்றுக் கரைசலில் போட்ட எலும்பு முதலில் ஊதாவாகி, பிறகு கபிலமாகும். பரமங்கனேற்று கொலாஜனை ஒட்சியேற்றித் தான் மங்கனீசு ஈரொட்சைட்டாக மாறி அங்கேயே படிந்துவிடுகிறது. இது தண்ணீரில் கரையாது.

இன்னொரு சாயம் என் மனசுக்கு மிக நெருக்கமானது. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டி எடுத்த சாயவேரில் அலிசரின் என்ற சிவப்புப் பொருள் உண்டு. அது புரதத்தை அல்ல, கல்சியத்தைப் பிடிக்கும். உயிரியல் ஆய்வுகூடங்களில் மீன் குஞ்சுகளின் எலும்புக்கூட்டைச் சிவப்பாக்கிக் காட்டுவதும் அலிசரின் வகைச் சாயம்தான். நம் மண்ணின் வேரால் கத்திப்பிடிக்குச் சிவப்பேற்ற யாராவது முறையாக முயன்று பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

எந்தச் சாயமானாலும் மேற்பரப்பைத் தாண்டி ஆழமாக இறங்காது. ஆகவே அரம் போட்டு, வடிவம் எடுத்து, சாண்ட் பேப்பரால் தேய்த்து முடித்த பிறகே சாயம். தேய்க்கும்போது தூசி நுரையீரலுக்குப் போகாதபடி முகக்கவசம் கட்டாயம், ஈரமாகத் தேய்த்தால் இன்னும் நல்லது. எலும்பின் நீளவாக்கில் சுமார் 50 மைக்ரோமீற்றர் அகலமுள்ள இரத்தக் குழாய்க் கால்வாய்கள் ஓடுகின்றன. சாயம் அவற்றுக்குள் புகுந்து, பக்கத்தில் மெல்லிய கோடுகளாகவும் முனையில் புள்ளிகளாகவும் தெரியும். குறுக்கே அறுத்த முனை கூடுதலாகக் கறுப்பதும் இதனால்தான். தந்தத்தில் இந்தக் கால்வாய்கள் இல்லை. தந்தம் என்று சொல்லி எலும்பை விற்றால், ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி உண்மையைச் சொல்லிவிடும்.

கொழும்பின் ஈரக்காற்றில் எலும்பு மெதுவாகத்தான் காயும், அது நல்லதுதான். ஈரமான துண்டை ஏசி அறையிலோ வெயிலிலோ வைத்தால், வெளிப்பக்கம் முதலில் சுருங்கி வெடித்துவிடும். நிழலில் வைத்து, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்ற பிறகே கத்தியில் பொருத்தலாம். ஆணிக்கு இரும்பு வேண்டாம், கடற்காற்றில் துருப்பிடித்து எலும்பில் கறை ஏற்றும். பித்தளை அழகு, ஆனால் கொழுப்பு மிச்சமிருந்தால் அதன் அமிலங்கள் செம்புடன் சேர்ந்து ஆணியைச் சுற்றிப் பச்சை படரும். கொழுப்பு முழுதும் போயிற்றா என்று சந்தேகம் இருந்தால் துருப்பிடிக்காத எஃகு ஆணியே பாதுகாப்பு.