‘அடிக்ட்’: அடிமையா, சார்பா?

குடியாத்தத்தில் எங்கள் மாமா குடியை விட முடியாமல் கிடந்த நாட்களில் தெருவில் அவருக்கு மூன்று பெயர் இருந்தது. பெரியவர்கள் ‘குடிகாரன்’ என்றார்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் ‘அடிக்ட்’ என்றார்கள். ஆலோசனைக்கு வந்த உறவினர் ஒருவர், செய்தித்தாளில் வருவதுபோல் ‘போதைக்கு அடிமையாகிவிட்டார்’ என்றார். மூன்றுமே அவரை வீட்டுக்குள் முடக்கின. அதனாலேயே இந்தச் சொற்களின் வேரைத் தேடிப் போனேன்.

‘அடிக்ட்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘அட்டிக்கேரே’ என்றால், ஒன்றை இன்னார் வசம் ஒப்படைப்பதாகத் தீர்ப்புச் சொல்வது. பழைய ரோமில் கடனைக் கட்டாதவனை நீதி அதிகாரி கடன் கொடுத்தவன் கையிலேயே ஒப்படைத்துவிடுவார். அப்படிப் போனவன் ‘அட்டிக்டஸ்’. ஆங்கிலத்துக்கு வந்த பிறகு நெடுங்காலம், ஏதோ ஒன்றில் மனத்தை முழுதாகக் கொடுத்தவனைக் குறித்தது. போதை மருந்தை விட முடியாதவர் என்ற பொருள் 1900ஐ ஒட்டித்தான் நிலைத்தது.

ஆக ‘அடிமை’ தப்பான மொழிபெயர்ப்பு அல்ல. வேரோடு பிடுங்கி நட்டதுபோல் அத்தனை சரி. கடனுக்கு ஆள் போவது என்னவென்று வட ஆர்க்காட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பீடிக்கும் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்தவர்களைக் ‘கொத்தடிமை’ என்றே சொல்கிறோம். 1976ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கடனையே செல்லாததாக்கியது.

தமிழில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. ‘அடி’ என்றால் பாதம். அடியார், அடியேன், அடிமை எல்லாம் அதன் கிளைகள். சுந்தரரின் திருமணத்தில் கிழவராக வந்த சிவன், ‘இவன் எனக்கு வழிவழி அடிமை’ என்று ஓலை காட்டுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. கிழவர் பக்கமே தீர்ப்பாகிறது. ரோமானிய அட்டிக்டஸின் கதையும் இதுவேதான்: ஆவணம், மன்றம், ஒப்படைப்பு. பின்னாளில் சுந்தரரே ‘மீளா அடிமை’ என்று பாடினார். பக்தியில் அது பெருமை. ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டியவரிடம் ‘நீ அடிமை’ என்றால், ‘இனி மீள மாட்டாய்’ என்பதும் கூடவே ஒலிக்கிறது. என் மனத்தை உறுத்துவது அதுதான்.

மருத்துவ உலகம் இந்தச் சொல்லிலிருந்து எப்போதோ விலகத் தொடங்கிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1964இல், ‘அடிக்‌ஷன்’ வேண்டாம், ‘டிபென்டன்ஸ்’ என்று சொல்லலாம் என்றது. தமிழில் அது ‘சார்பு’. நம் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் 2001 திருத்தத்தில், ‘அடிக்ட்’ என்றால் போதைப்பொருளின் மேல் சார்பு கொண்டவர் என்று வரையறையை மாற்றிக்கொண்டது.

சார்பு என்பது உடம்பின் கணக்கு. முதலில் ஒரு குவார்ட்டரில் ஏறியது பிறகு இரண்டிலும் ஏறாது, அது தாங்குதிறன். காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்கும், வியர்க்கும். அது விலகல் அறிகுறி. பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்து. நம் பக்கம் ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் சொட்டுக்கூடத் தொடாதவர்கள் இருக்கிறார்கள். மாலையைக் கழற்றியதும் மறுபடி தொடங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களை மனஉறுதி இல்லாதவர்கள் என்று யார் சொல்ல முடியும்?

சொல் மாறினால் கொள்கையும் மாற வேண்டும். அங்கேதான் இழுபறி. அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, போதைப்பொருளை உட்கொள்வதையே குற்றமாக்குகிறது. 64ஏ பிரிவோ, தானாகச் சிகிச்சைக்கு வருபவர்மேல் வழக்கு வேண்டாம் என்கிறது. முதலாவதைப் பற்றிய பயம் ஊரெல்லாம் தெரியும்; இரண்டாவதைக் கேள்விப்பட்ட பெற்றோரை நான் பார்த்ததில்லை. காட்பாடி ரயில்களில் பிடிபடும் கஞ்சா மூட்டைகள் செய்தியாகின்றன. சிகிச்சைக்கு வராதவர்கள் செய்தியாவதில்லை. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, மதுச் சார்பு உள்ள 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைக்கிறது. மாத்திரைகளின் கதை இன்னும் வேகமாக ஓடுகிறது. டிரமடால் என்ற வலி மாத்திரை 2018இல் சட்டத்தின் கட்டுக்குள் வந்தது. இன்று இளைஞர்கள் டேபென்டடால் என்ற இன்னொரு வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஒரு கதவை அடைத்தால் பக்கத்துக் கதவு.

என் பரிந்துரை இது. பொதுவாகச் சொல்ல ‘போதைச் சார்பு’. ஆளைச் சொல்லும்போது ‘போதைச் சார்பு உள்ளவர்’. மதுவுக்கு மட்டும் என்றால், ஏற்கெனவே வழக்கில் இருக்கும் ‘குடிநோய்’ அருமையான சொல். ‘மீட்பு’ என்பதை மட்டும் விட்டுவிட வேண்டாம். அடகு வைத்த நகையை மீட்பதும் அந்தச் சொல்தான். ஆனால் நகை தானாக நடந்து வராது, ஆள் வருவார். வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில் குடும்பத்தாரும் கூடவே தங்குவது வெகுகால வழக்கம். கூடவே ஒருவர் தங்குவதும் சிகிச்சைதான் என்று மாமா விஷயத்தில் கண்டுகொண்டேன்.

அத்தைக்கு ‘சார்பு’ நாக்கில் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தபோது அவர் சொன்னது இது: “சீக்குபா அது. மாத்திரை எய்தி குடுத்துகீறாங்கோ. புதன்கெழம திரும்ப வரச் சொல்லிகீறாங்கோ, இட்டுகினு போவணும்.”