500 மீட்டர் கஷ்டம், 3 கிலோமீட்டர் சுலபம்

கன்னியாகுமரிக் கரைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே ஏறக்குறைய 500 மீட்டர் கடல். கரையில் நின்றுகொண்டு, பாறைக்குப் போனவரிடம் செல்போனில் பேசலாம். நீருக்கடியில் அது நடக்காது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். செல்போனின் ரேடியோ அலைகளைச் சில சென்டிமீட்டருக்குள் விழுங்கிவிடும். ஒளி கரையோரக் கலங்கலில் சிதறிப்போகும். ஆனி, ஆடியில் கேட்கவே வேண்டாம். மிஞ்சுவது ஒலி. கடல்நீரில் அது விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், காற்றில் ஓடுவதைவிட நாலு மடங்குக்கும் மேல். பாறையை எட்ட மூன்றில் ஒரு விநாடி போதும்.

நீருக்கடியில் ஒலியால் பேசும் இந்த வித்தையின் பாதி நம் படகுகளில் ஏற்கெனவே இருக்கிறது. தடைக்காலத்தில் கரையேற்றி வைத்திருக்கும் விசைப்படகின் அடியில் குனிந்து பார்த்தால் ஒலி அனுப்பி ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரின் ஒலிமுனை தெரியும். அதற்குள் இருப்பது ஒரு பீங்கான் வில்லை. மின்னழுத்தம் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு விரிந்து சுருங்கி நீரை அதிர வைக்கும். வரும் அதிர்வு அதை அழுத்தினால் மின்சாரம் தரும். வாயும் அதுவே, காதும் அதுவே. 1880-ல் கியூரி சகோதரர்கள் படிகங்களில் கண்டுபிடித்த பண்பு இது. எக்கோ சவுண்டர் தன் எதிரொலியைத் தானே கேட்கிறது. தரவை ஒலியாக்கி அனுப்பும், வரும் ஒலியைத் தரவாக்கும் ஒலி மோடம் இன்னொரு மோடத்துக்குப் பேசுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்த அதிர்வெண்ணில், அதாவது விநாடிக்கு எத்தனை அதிர்வில் பேசுவது? ஆழத்துக்கு 50 கிலோஹெர்ட்ஸ், ஆழம் குறைந்த இடத்துக்கு 200 என்று எக்கோ சவுண்டரை மாற்றி வைப்பவர்களுக்குப் பதில் தெரியும். அதிர்வெண் கூடக்கூட ஒலியைக் கடல் தின்னும். கரைந்திருக்கும் மெக்னீசியம் சல்பேட்டுக்கு இதில் பெரும்பங்கு. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒரு கிலோமீட்டரில் 1 டெசிபெல் போல, அதாவது ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். 100 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பரவிப் போவதால் குறைவது தனிக்கணக்கு. ஆனால் வேகமாகத் தரவு அனுப்ப உயர்ந்த, அகலமான அலைவரிசைதான் வேண்டும். தூரமா, வேகமா என்ற இழுபறி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

உண்மையான தலைவலி எதிரொலி. திருவிழாத் தெருவில் வரிசையாகக் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகளின் நடுவே நின்றால் ஒரே அறிவிப்பு முன்னும் பின்னுமாக வந்து விழுந்து எதுவும் புரியாதே, அதேதான். 10 மீட்டர் ஆழத்தில், 500 மீட்டர் தள்ளியிருக்கும் இரு மோடங்களை எடுத்துக்கொள்வோம். மேல்மட்டத்திலும் தரையிலுமாகப் பத்து முறை மோதி வரும் ஒலி, நேராக வருவதைவிடச் சுமார் 10 மீட்டர் அதிகம் ஓடியிருக்கும். 6, 7 மில்லிவிநாடி பிந்தும். விநாடிக்கு 1,000 பிட் (0 அல்லது 1 என்ற தரவுத்துளி) அனுப்பினால் ஒவ்வொரு பிட்டும் அடுத்த ஆறேழு பிட்டுகளின்மேல் ஏறி உட்காரும். போதாக்குறைக்குப் பாறையிடுக்குகளில் ஒற்றைப் பெருங்கொடுக்கைச் சொடுக்கும் சிறு இறால்களின் இரைச்சல் வேறு.

தப்பிக்க வழிகள் உண்டு. பிட்டுக்குப் பிட்டு அதிர்வெண்ணை மாற்றித் தாவலாம், இடைவெளி விடலாம், எதிரொலியைக் கணக்கிட்டுக் கழிக்கலாம். 2017-ல் நேட்டோ ராணுவக் கூட்டணி நீரடி மோடங்களுக்காக ஏற்ற ஜேனஸ் தரமுறை, தாவும் வகை. அதன் அடிப்படை வேகம் விநாடிக்கு 80 பிட். 100 கிலோபைட் படம் ஒன்றை அனுப்ப ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம். அதற்குள் வரிசையில் நின்று, படகேறிப் போய், பாறையில் இருப்பவர் கையிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம், விடுமுறை நாளாக இல்லாவிட்டால்.

குரல் அனுப்புவது பழைய கலை. 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையான பேச்சை அப்படியே தூக்கி 32.768 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வைத்து அனுப்புகிறார்கள் (கைக்கடிகாரப் படிகத்தின் அதிர்வெண்ணும் இதுவே). கேட்பவரின் கருவி அதைத் திரும்பக் கீழே இறக்கும். கேட்பவர் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நெருங்கும் படகில் இருந்தால் குரலின் ஒவ்வொரு சுரமும் சுமார் 65 ஹெர்ட்ஸ் ஏறி, விகாரமாகிவிடும். பேசுபவருக்கு முகம் முழுக்க மூடும் கவசமும் வேண்டும். கடியபட்டணத்தில் மூச்சடக்கிச் சிப்பி எடுக்க முங்குபவருக்கு இதனால் பயனில்லை.

செங்குத்தாகப் பேசும்போது கதையே வேறு. 3 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மேல்நோக்கி அனுப்பிய ஒலி 2 விநாடியில் நேராக வந்து சேரும். மேல்மட்டத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலி தரைவரை போய் மறுபடி மேலே வர இன்னும் 4 விநாடி. அதற்குள் அது இளைத்தும் போயிருக்கும்; செய்தி சுருக்கமாக இருந்தால் முடிந்தும் போயிருக்கும். 2004 சுனாமி குளச்சலையும் மணக்குடியையும் சிதைத்தபின் இந்தியா கடலில் நிறுத்திய சுனாமி மிதவைகள் இந்த வசதியை நம்பியே இயங்குகின்றன. கடல்தரையில் இருக்கும் அழுத்தமானி தனக்கு மேலுள்ள நீரின் எடையை அளக்கிறது. ஒலி மோடம் அதை மிதவைக்குச் சொல்ல, மிதவை செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்ப, ஐதராபாத் எச்சரிக்கை மையத்தில் எண்கள் வந்து விழுகின்றன. படமும் இல்லை, குரலும் இல்லை. நீர்மட்ட எண்கள் மட்டும். அதற்கு விநாடிக்குச் சில நூறு பிட் தாராளம்.