இருமல் இல்லாமலும் புரை ஏறும்

பக்கவாதம் வந்தவருக்கு இட்லியைவிட ஒரு மடக்குத் தண்ணீர் அதிக ஆபத்தானது. தொண்டையில் மூச்சும் சாப்பாடும் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. விழுங்கும்போது மூச்சு சுமார் ஒரு விநாடி நிற்கும். குரல்வளை மேலேறி மூடிக்கொள்ளும். பக்கவாதத்தில் பலருக்கு இந்த மூடல் தாமதமாகிறது. கெட்டியான கவளம் மெதுவாக இறங்கும், தண்ணீரோ முந்திக்கொண்டு மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மூச்சு வாங்குபவருக்கு அந்த ஒரு விநாடி நிறுத்தமே பெரும்பாடு.

அண்ணாந்து குடிப்பது அறவே கூடாது. நிமிர்ந்து உட்காரவைத்து, அரை டீஸ்பூன் அளவில் கொடுங்கள். விழுங்கியது தெரிந்தபின் அடுத்தது. தாடையை மார்புப் பக்கம் தாழ்த்தி விழுங்குவது சிலருக்கு உதவும், எல்லோருக்கும் அல்ல. ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சோடு விழுங்குதலுக்கும் பயிற்சி தருபவர்) பார்த்துச் சொல்ல வேண்டும். மூச்சு வாங்கினாலோ தூக்கக் கலக்கத்தில் இருந்தாலோ அந்த வேளை ஊட்ட வேண்டாம்.

தொண்டை மரத்துப்போனவருக்கு இருமலே வராமல் புரை ஏறும். குடித்தபின் ‘ஆ’ சொல்லச் சொல்லுங்கள். குரல் ஈரமாகக் களகளத்தால் நிறுத்திவிடுங்கள். பிறகு காய்ச்சலோ வேகமான மூச்சோ வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சுத் திணறி உதடு நீலமானால் 108.

பானத்தை எவ்வளவு கெட்டியாக்குவது என்பதில்தான் வீட்டில் குழப்பம். ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சில் (0 முதல் 10 வரையுள்ள கோடுகளின் நீளம் 61.5 மி.மீ.) நுனியை அடைத்து 10 மி.லி. ஊற்றி, 10 விநாடி திறந்துவிடுங்கள். 1 முதல் 4 மி.லி. வரை மிஞ்சினால் கெட்டித்தன்மையில் முதல் நிலை, 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மிஞ்சி, கொஞ்சமாவது ஒழுகினால் மூன்றாம் நிலை. எந்த நிலை என்பதைத் தெரபிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கஞ்சியை நம்பிவிட வேண்டாம். எச்சிலிலுள்ள அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைக் கரைத்துவிடும்; வாயில் பட்ட ஸ்பூனைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் போட்டால் சாப்பாடு முடிவதற்குள் நீர்த்துவிடும். பானத்தைக் கெட்டியாக்கும், சாந்தன் கம் கலந்த பவுடருக்கு இந்தத் தொல்லை இல்லை. ரசம் சாதமும் மோசம்தான்: சோறு வாயில் நிற்க, ரசம் தனியே ஓடிவிடும். ஐஸ்கிரீம் வாயில் உருகினால் அதுவும் தண்ணீரே.

சாப்பிட்டதும் செயலிழந்த பக்கக் கன்னத்துக்குள் பாருங்கள். அங்கே சோறு ஒதுங்கியிருக்கும், அவருக்கு அது தெரியாது. துடைத்து, பல் துலக்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். மூக்கு வழி டியூபில் உணவு கொடுத்தாலும் வாயைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். நிமோனியாவுக்கு வழிவிடும் கிருமிகள் எச்சிலோடுதான் இறங்குகின்றன, டியூப் எச்சிலைத் தடுப்பதில்லை.