பூட்டு அம்மாவிடம், சாவி தாத்தாவிடம்

போன வாரம் ஓர் அம்மா தன் போனை என் மேஜையில் வைத்துவிட்டு, "நாலு தடவை பேட்டர்ன் மாத்திட்டேன் மேடம், எப்படித்தான் கண்டுபிடிக்கிறானோ தெரியல" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழாம் வகுப்புப் பையன் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போனை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன். விரல் போன தடம் எண்ணெய்ப் பிசுக்கில் 'ட' எழுதியதுபோல் பளிச்சென்று தெரிந்தது. அடுப்படியிலிருந்து நேராக வந்த கை. பையன் ஃபேனை விட்டு என்னைப் பார்த்தான். தொழில் ரகசியம் வெளியே போய்விட்ட முகம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக இருப்பதால் இப்படிப்பட்ட ரகசியங்கள் என்னிடம் நிறையச் சேர்ந்துவிட்டன. இதையெல்லாம் எழுதினால் பிள்ளைகள் கற்றுக்கொள்ள மாட்டார்களா என்று கேட்பீர்கள். எனக்குக் கற்றுத் தந்ததே அவர்கள்தான்.

பெற்றோர் பலர் முதல் படியிலேயே சறுக்குகிறார்கள். ஆண்ட்ராய்டு போனில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்று ஒன்று இருக்கும். அதில் யூடியூபுக்கு ஒரு மணி நேரம் என்று டைமர் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அது பெரியவர்கள் தங்களைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொள்ள வந்த வசதி. யார் கையில் போன் இருக்கிறதோ அவரே டைமரை நீக்கிவிடலாம். பிள்ளைகளுக்கென்று கூகுள் 2017இல் கொண்டுவந்த ஃபேமிலி லிங்க் வேறு, அதில் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே பிள்ளையின் போனைக் கட்டுப்படுத்தலாம். ஐபோனில் 2018இல் வந்த ஸ்க்ரீன் டைம் கொஞ்சம் கெட்டி. ஆனால் அதிலும் கடவு எண் வைக்க வேண்டும், நேரம் முடிந்ததும் ஆப்பைத் தடுக்கச் சொல்லும் பொத்தானைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால், நேரம் முடிந்தது என்று போன் சொல்லும், பிள்ளையும் 'சரி, இருக்கட்டும்' என்று ஒரு தட்டு தட்டிவிட்டுத் தொடர்ந்து பார்க்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இந்த ஏற்பாடுகள் பிள்ளைக்கென்று தனிப் போன் இருக்கும் வீட்டை மனதில் வைத்துச் செய்தவை. என்னிடம் வரும் வீடுகளில் பாதிக்கு மேல் அம்மா போன்தான் பிள்ளைக்கும். வீட்டுப்பாடம் வாட்ஸப் குழுவில் மாலை ஆறு மணிக்கு வரும். தராமலும் இருக்க முடியாது. அப்படித் தரும்போது ஒரு ஆப்பை மட்டும் திறந்து வைத்துப் பூட்டிவிடலாம். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'பின்' என்று தேடினால் ஆப் பின்னிங் வரும், ஐபோனில் அதன் பெயர் கைடட் ஆக்சஸ். வெளியே வரும்போது பின் நம்பர் கேட்கும்படி வைத்துவிட்டால், அதைப் போடாமல் அந்த ஆப்பை விட்டு வெளியே வர முடியாது. பத்து வருடத்துக்கு மேலாக போனுக்குள்ளேயே இருக்கும் வசதி. கூட்டங்களில் கேட்டால் அறையில் ஒரு கை, இரண்டு கை எழும்.

மற்ற ஓட்டைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். போனின் தேதியையோ நேரத்தையோ மாற்றிவைத்து டைமரை ஏமாற்றுவது. காசு கொடுத்து வாங்கிய கட்டுப்பாட்டு ஆப்பைத் தூங்கவைக்க போனை, நாம் பின்னால் ஏற்றிய ஆப்கள் ஓடாத 'சேஃப் மோடில்' திறப்பது. கெஸ்ட் பயனராக நுழைவது, அல்லது சில போன்களில் உள்ள 'செகண்ட் ஸ்பேஸில்' இன்னொரு போனே நடத்துவது. ஆப்பைப் பூட்டினால் பிரவுசரில் அதே தளத்தைத் திறப்பது. அப்பா மத்தியானம் அசந்து தூங்கும்போது அவர் கட்டைவிரலை எடுத்து வைத்துத் திறப்பது. கேலியாகத் தோன்றலாம், ஒரு முறை திறந்துவிட்டால் பின் நம்பரைப் பின்னால் இருந்து பார்த்துவைத்திருக்கும் பிள்ளை தன் கைரேகையையும் அதில் சேர்த்துவிடும். இன்றிரவு உங்கள் போனில் எத்தனை கைரேகை பதிவாகியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

வைஃபை ரூட்டரில் பிள்ளையின் போனைத் தடுத்தேன், இரண்டே நாளில் திரும்ப வந்துவிட்டது என்று ஒரு அப்பா குழம்பினார். அவர் மென்பொருள் வேலை பார்ப்பவர், அதனால் கூடுதல் அவமானம். ரூட்டர் ஒரு கருவியை அதன் மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அது காட்டும் அடையாள எண்ணை, வைத்து அடையாளம் காணும். ஆண்ட்ராய்டு 10 வந்த 2019இலிருந்தும், ஐஓஎஸ் 14 வந்த 2020இலிருந்தும் போன்கள் உண்மை முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. செட்டிங்ஸில் அதை மாற்றிவிட்டால் ரூட்டருக்கு அது புதுப் போன். அந்தப் பையன் முகவரியும் கிகவரியும் படிக்கவில்லை, ஏதோ ஒரு பட்டனைத் தட்டிப் பார்த்தான், நெட் வந்துவிட்டது.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. ஒரு நாளுக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று போடும் ரீசார்ஜ் இரவு 12 மணிக்குப் புதுப்பிக்கும். சாயங்காலமே டேட்டா தீர்ந்துபோன பிள்ளை அந்த 12 மணிக்காக விழித்திருக்கிறது. "பத்து மணிக்கே படுத்துட்டான் மேடம், ஆனா காலையில எந்திரிக்கவே மாட்டேங்கிறான்" என்று சொல்லும் வீடுகளில் நான் முதலில் கேட்பது ரீசார்ஜ் பேக்கைப் பற்றித்தான்.

இத்தனையும் சொன்னேனே, என் அனுபவத்தில் பெரும்பாலான வீடுகளில் ஓட்டை போனில் இல்லை, தாத்தா பாட்டியிடம் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். அம்மா போனில் ஃபேமிலி லிங்க், அவன் டேப்லெட்டில் நேரக்கணக்கு, டிவிக்கும் பின் நம்பர். எல்லாம் சரியாக வேலை செய்தது. பையன் தினம் இரண்டு மணி நேரம் தாத்தா போனில் இருந்தான். அதற்கு லாக்கே கிடையாது, அவசரத்துக்கு எடுக்கணுமாம். பையன் பதிலுக்குத் தாத்தாவுக்குக் கரண்ட் பில் கட்டித் தருவான், கேலரியில் இடம் காலி செய்து தருவான். தாத்தாவையும் அழைத்துவரச் சொன்னேன். திட்டு விழும் என்று நினைத்து வந்தவர், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அவன் என் பக்கத்துல வந்து உட்கார்றதே அப்ப மட்டுந்தாம்மா."

அதற்குப் பிறகு அவரிடம் லாக் போடுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மாலை ஆறரை முதல் ஏழு வரை தாத்தா போன், தாத்தா பக்கத்தில் இருக்கும்போது, அவருக்கும் தெரிகிற மாதிரி திரை. மற்ற நேரம் லாக். அவசர அழைப்பு லாக்கைத் திறக்காமலே போகும் என்று அவருக்குச் செய்து காட்டினேன். இரவு ஒன்பதரைக்கு வீட்டிலுள்ள எல்லாப் போனும் ஹாலில் சார்ஜுக்குப் போக வேண்டும் என்றும் பேசினோம். முதலில் மறுத்தது பையன் இல்லை, அப்பா. ஆபீஸ் கால் வருமாம். ரிங்டோனைச் சத்தமாக வையுங்கள், ஹால் ஒன்றும் அடுத்த ஊரில் இல்லை என்றேன்.

நேரக்கணக்கில் நான் அவ்வளவு கறார் இல்லை. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2 முதல் 5 வயதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், 5 முதல் 10 வயதுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் என்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பதின்வயதில் எண்ணைவிடத் தூக்கம்தான் எனக்கு முக்கியம். பகலில் பதினைந்து நிமிடம் திருடினால் விட்டுவிடுவேன், இரவுக்கு மட்டும் விலக்கு கிடையாது.

விளையாட்டை நடுவில் வெட்டுவதும் வீண் சண்டைதான். ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் ஒரு மேட்ச் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும், நால்வர் அணி. டைமர் நடுவில் அறுத்தால் மற்ற மூன்று பேரும் மறுநாள் பள்ளியில் கிழிப்பார்கள். "இன்னும் ரெண்டு மேட்ச்" என்று எண்ணிக்கையாகப் பேசினால் பிள்ளைக்கும் முடித்துக்கொள்ள வழி இருக்கும். விளையாட்டு நிறுவனமே பார்த்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு, தடைக்குப் பிறகு 2023இல் திரும்ப வந்தபோது 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். வயதைக் கூட்டிச் சொன்னால் போதும் என்று முதலில் எனக்குச் சொன்னது ஓர் ஆறாம் வகுப்பு வாண்டு.

பிடிபட்ட அன்று "யாருடா சொல்லிக் கொடுத்தான்" என்று ஆரம்பிக்காதீர்கள். "எப்படிப் பண்ணின, காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். பெருமையோடு காட்டும், அப்போதே அந்த ஓட்டையையும் அடைத்துவிடலாம். போனைத் தரையில் அடித்து உடைத்த வீடுகளும் எனக்குத் தெரியும். அங்கே அடுத்த போன் பிள்ளையின் நண்பன் வீட்டில் இருக்கிறது.

போனை வாங்கினால் கை ஓங்குவது, சாப்பாட்டையும் பள்ளியையும் விடுவது, செத்துப்போவேன் என்பது, இவை வந்தால் பூட்டைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

சரி, அந்தப் பேட்டர்ன் அம்மா. என் முன்னாலேயே திரையைத் துடைத்து, பேட்டர்னை எடுத்துவிட்டு, போனை மறைத்துப் பிடித்து நாலு எண் போட்டார். பிறந்த தேதி இல்லையே என்று கேட்டேன்.

"ச்சே, அதெல்லாம் இல்ல மேடம். எங்க வண்டி நம்பர்."

பையன் மறுபடியும் ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தான்.