நின்று கெட்ட டிராக்டர்

ஓடித் தேய்ந்த டிராக்டரைவிட நின்று கெட்ட டிராக்டருக்குத்தான் கவனம் அதிகம் வேண்டும். தேய்ந்த பாகம் சத்தத்திலும் புகையிலும் தன்னைக் காட்டிக் கொடுக்கும். நின்றதில் ஏற்பட்ட கேடு வெளியே தெரியாது. சாவியைத் திருப்பும் அந்த நொடியில்தான் உள்ளே உடையும்.

பொள்ளாச்சி, ஆனைமலை தொடங்கி கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வரை பல தோப்புகளில் பழைய மாசி பெர்குசன் 1035, மகிந்திரா பி-275 வண்டிகள் தென்னை நிழலில் நிற்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்கு மழை உள்ளே வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழையும் பெய்யும். இரண்டு மழையிலும் நனையும் வண்டிக்குத் தண்ணீர் போகும் வழிகள் மூன்று: நிமிர்ந்து நிற்கும் சைலென்சர், டீசல் டேங்க் மூடி, கியர் லீவரின் ரப்பர் உறை. எந்த வேலையானாலும் இந்த மூன்றிலிருந்து ஆரம்பிப்பதே சரி.

சைலென்சர் வழியே இறங்கும் மழைநீர், எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் நின்றதோ அதற்குள் போய்ச் சேரும். அதனால்தான் பெரும்பாலும் ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் துரு ஏறி, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் சிலிண்டரின் உள்சுவரான லைனரோடு ஒட்டிக்கொள்கிறது. இந்த நிலையில் செல்ஃப் அடித்தாலோ, இன்னொரு வண்டியால் கட்டி இழுத்தாலோ ரிங் முறியும். பிஸ்டனுக்கு மேல் தண்ணீர் நின்றால் கேடு இன்னும் பெரிது. தண்ணீர் அமுங்காது, அதனால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஆகவே முதலில், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்கள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் கியர் ஆயிலும் சம அளவில் கலந்து 50 மில்லி ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். பிறகு டாப் கியர் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு விரல் அளவு நகர்ந்தால் போதும், எதிர்ப்பக்கம் திருப்பி மறுபடி முயலலாம். ஒரே பக்கமாக அழுத்தித் திருப்பினால் துருத்தூள் ரிங்கின் முன் குவிந்து லைனரைக் கீறும். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்த பின், நியூட்ரலில் வைத்து, நாசில் துளைகள் திறந்திருக்கும்போதே செல்ஃப் அடித்தால் உள்ளிருக்கும் ஆயிலும் தண்ணீரும் பீய்ச்சி வெளியேறும். அப்போது துளைக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. நாசில்களைத் திரும்ப மாட்டும்போது காப்பர் வாஷர் புதிதாக இருக்கட்டும். நாசிலை டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடையில் அழுத்தம் வைத்துச் சோதித்து வாங்கி வருவதே நல்லது.

அடுத்தது டீசல் வழி. அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. 35 குதிரைத்திறன் எஞ்சின் முழுப் பாரத்தில் ஓடும்போதுகூட ஒரு தடவைக்கு ஒரு சிலிண்டருக்குள் போகும் டீசல் ஏறக்குறைய 40 கன மில்லிமீட்டர்தான், ஒரு சொட்டுக்கும் குறைவு. அந்தத் துளியை எஞ்சினிலுள்ள டீசல் பம்ப் 170 முதல் 250 பார் அழுத்தத்துக்குத் தள்ளினால்தான் நாசில் ஊசி எழும்பும். டீசல் கிட்டத்தட்ட அமுங்காத திரவம் என்பதால் இது நடக்கிறது. குழாயில் சிறு காற்றுக் குமிழி இருந்துவிட்டால், பம்புக்குள் டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சரின் தள்ளலெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும், நாசில் திறக்காது. செல்ஃப் எவ்வளவு அடித்தாலும் சைலென்சரில் புகை இல்லையென்றால் காரணம் அநேகமாக இதுதான்.

இந்தக் காற்றை வெளியேற்றும் வேலையில், அதாவது ஏர் எடுப்பதில், வரிசை முக்கியம். டேங்க் அடியிலுள்ள பிளக்கைத் திறந்து பழைய டீசலை முழுக்க வடித்துவிடுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனமானது, அடியில் தங்கும். இரண்டும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புச் சளியாகத் திரளும். அதைக் கழுவாமல் புது ஃபில்டர் போட்டால் அதுவும் உடனே அடைத்துக்கொள்ளும். டேங்கைக் கழுவி, இரண்டு ஃபில்டரும் மாற்றி, புது டீசல் ஊற்றிய பின், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் கைப்பிடியை அடித்துக்கொண்டே முதலில் ஃபில்டர் மேலுள்ள ஸ்குரூ, பிறகு டீசல் பம்பிலுள்ள ஸ்குரூ என்று திறந்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்போது மூட வேண்டும். கடைசியாக நாசில் பக்கத்துக் குழாய் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் துள்ளி வந்ததும் இறுக்க வேண்டும். அந்தத் துள்ளலில் கை வைக்காதீர்கள். உயர் அழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டீசல் பம்புக்குள் பிளஞ்சருக்கும் அது ஓடும் குழலான பேரலுக்கும் இடையிலுள்ள இடைவெளி சில மைக்ரான்தான். அங்கே துரு பிடித்தால் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ரேக் அசையாது. முழு டீசல் நிலையில் அது ஒட்டியிருந்தால் எஞ்சின் பற்றியதும் கட்டுக்கடங்காமல் சீறும், ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது. ஆகவே பம்பின் ஜன்னல் மூடியைக் கழற்றி, ரேக் விரலால் தள்ளினால் வழுக்கிப் போகிறதா என்று பாருங்கள். முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் கிளீனர் ஹோஸைக் கழற்றிவிட்டு, காற்று வாயை மூட ஒரு தட்டைப் பலகையுடன் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கையாலோ துணியாலோ மூடக் கூடாது.

கியர் பாக்ஸ் ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் லீவர் வழியே மழை இறங்கியிருக்கிறது. பல வண்டிகளில் கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக்குக்கும் இதே ஆயில்தான். முழுதும் மாற்றாமல் லிஃப்ட்டை இயக்கினால் ஹைட்ராலிக் பம்பும் கெடும். சித்தூர்ப் பக்கம் கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) போட்டுச் சேறு உழுத வண்டியென்றால் முன் சக்கர ஹப், பின் ஆக்ஸில் ஆயில் சீல், பிரேக் மூன்றையும் கட்டாயம் பிரிக்க வேண்டும். தோப்பில் மட்டும் ஓடியதென்றால் ரேடியேட்டர் துளைகளில் தூசி அடைப்பும், ஆயில் பாத் ஏர் கிளீனர் அடியில் சேறும் இருக்கும். அதில் ஆயிலைக் கோட்டுக்கு மேல் ஊற்ற வேண்டாம், எஞ்சின் அதை உறிஞ்சி எரிக்கத் தொடங்கும்.

கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டியிருந்தால் பெடலை மிதித்துக் கட்டைவைத்து ஒரு நாள் விடுங்கள். சில வண்டிகளில் அதிலேயே விட்டுவிடும்.

எஞ்சின் சூடாகிறது என்று, தண்ணீர் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. இது தவறான வைத்தியம். எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் டீசல் முழுதாக எரியாமல் லைனர் சுவரிலிருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், ரிங் சீக்கிரம் தேயும். சூட்டுக்குக் காரணத்தை ரேடியேட்டரிலும், உப்பு படிந்த தண்ணீர்ப் பாதையிலும், ஃபேன் பெல்ட்டிலும் தேட வேண்டும்.

ஸ்டார்ட்டுக்கு முன் எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஸ்டாப் கம்பியை இழுத்தபடி 10 நொடி செல்ஃப், ஒரு நிமிட ஓய்வு என்று ஆயில் பிரஷர் முள் எழும்வரை சுற்றுங்கள். காய்ந்த பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேர இதுவே வழி. எஞ்சின் பற்றிய பின் முதல் சில நிமிடம் வெள்ளைப் புகை வந்தால் பயப்பட வேண்டாம், குளிர்ந்த சிலிண்டரில் எரியாத டீசல் அது. சூடான பிறகும் நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள். நீலப் புகை நீடித்தால் ரிங் இன்னும் விடவில்லை. மிதமான பாரத்தில் சில மணி நேரம் உழுதும் மாறாவிட்டால் ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும்.

25 மணி நேரம் ஓடியதும் எஞ்சின் ஆயிலை மறுபடி மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை அறுத்து, காகித மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள். கறுப்புக் கரி மட்டும் என்றால் வண்டியை வேலைக்கு விடலாம். மினுமினுக்கும் உலோகச் செதில் இருந்தால் எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றிப் பேரிங் ஷெல்களைப் பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது.