கணையம் புண்பட்டால் மூச்சு ஏன் திணறுகிறது?

பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டி ஏற்றும் என் மாமாவுக்கு ஒரு நாள் விடியற்காலையில் மேல்வயிற்றில் வலி. முதுகு வரை குத்தியது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தாங்க முடிந்தது. வாயுப் பிடிப்பு என்று சீரகத் தண்ணீர் குடித்துப் பார்த்தார். மதியம் தர்மபுரிக்குக் கொண்டுபோனபோது கணைய அழற்சி, அதாவது கணையம் வீங்கிப் புண்பட்டிருக்கிறது என்றார்கள். எங்கள் கவனமெல்லாம் வயிற்றிலேயே இருந்தது. இரண்டாம் நாள் இரவு அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கட்டில் ஓரம் உட்கார்ந்து எண்ணினேன்: நிமிடத்துக்கு 32. சாதாரணமாக 12 முதல் 20 வரைதான் இருக்கும்.

வயிற்று நோய் நுரையீரலுக்கு எப்படிப் போகிறது? கணையம் சுரக்கும் செரிமான நொதிகள் குடலுக்குப் போன பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். பித்தப்பைக் கல் வழியை அடைத்தாலோ, குடி மிஞ்சினாலோ, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு டெசிலிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டினாலோ அவை கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கி அதையே அரிக்கக் கூடும். அங்கே கிளம்பும் அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கலக்கின்றன. உடம்பைச் சுற்றி வரும் ரத்தம் நுரையீரலின் நுண்குழாய்கள் வழியாகப் போயாக வேண்டும். வெள்ளணுக்கள் அங்கே வந்து தேங்கி, குழாய்ச் சுவரைக் கெடுக்கின்றன. சொட்டுநீர்க் குழாயை எலி கடித்துவிட்டால் கண்ட இடத்தில் கசியுமே, அது போலத்தான். கசிந்த நீர் காற்றறைகளில் நிரம்புகிறது. போதாததற்கு, பாஸ்போலிபேஸ் என்ற நொதி காற்றறைகளை விரித்து வைத்திருக்கும் மெல்லிய படலத்தையும் சிதைக்கிறது. நனைந்த பாலித்தீன் கவரின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது எவ்வளவு சிரமம்! அந்த அறைகளும் அப்படித்தான் ஆகின்றன.

வீங்கிய வயிறு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் மூச்சு இழுக்கவும் இடம் குறைகிறது. நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பதும் உண்டு, பெரும்பாலும் இடப்பக்கம். சேர்க்கும் அன்றே எக்ஸ்ரேயில் அந்த நீர் தெரிந்தால் மருத்துவர்கள் உஷாராகிவிடுவார்கள்.

யாருக்கு ஆபத்து அதிகம்? 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் உடல் பருத்தவர்களுக்கும். கணையத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு சிதையும்போது வெளிவரும் கொழுப்பு அமிலங்களே நுரையீரலைத் தாக்கும் என்பதால் பருமனை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பல வருடம் பீடி பிடித்த நுரையீரலுக்குத் தாங்கும் தெம்பு ஏற்கெனவே குறைவு. ரத்தத்தில் யூரியா ஏறுவது, ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் இறங்குவது, அழற்சியைக் காட்டும் சிஆர்பி 48 மணி நேரத்தில் லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டுவது ஆகியவையும் எச்சரிக்கைதான்.

அப்புறம் குளுக்கோஸ், சலைன் விஷயம். பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் நல்லது என்றுதான் நம் ஊரில் நினைக்கிறோம். முன்பு மருத்துவமும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தது. கணைய அழற்சி வந்தவர்களை வைத்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், வேகமாக நிறைய ஏற்றியவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கு உடலில் நீர் மிஞ்சியது. நிதானமாக ஏற்றியவர்களில் 6 பேருக்குத்தான். ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். கசியும் குழாயில் தண்ணீரைக் கூட்டினால் கசிவுதானே கூடும்?

அன்றிரவு நான் சொன்ன 32-ஐக் கேட்டதும் நர்ஸ் ஓடி வந்து மாமாவின் விரலில், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கிளிப்பை மாட்டினார். 88 காட்டியது. உடனே ஆக்சிஜன் வைத்து, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, ஐசியுவுக்கு மாற்றினார்கள். நான்காம் நாள் காலை அதே கிளிப்பில் 95.